கயிறு தளரும் கணம்

எண்ணூரில் கொசஸ்தலை ஆறு கடலைத் தொடும் முகத்துவாரத்தில் நின்றால் அனல்மின் நிலையப் புகைபோக்கிகள் தெரியும். துறைமுகச் சாலையில் கண்டெய்னர் லாரிகள் வரிசை கட்டி நிற்கும். நடுவே, இடுப்பளவு கழிநீரில் இறங்கிக் கையால் சேற்றைத் துழாவி இறால் பிடித்துக்கொண்டிருப்பார்கள் சிலர்.

ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன் இப்படியொரு கழியைக் கடந்து வந்த விலங்கு ஒன்றை அகநானூறு காட்டுகிறது. அது 120-ஆம் பாடல், பாடியவர் நக்கீரனார். காதலியைக் காணக் கழி தாண்டி வந்திருக்கிறான் தலைவன். வழியில் சுறா தாக்கி, அவனோடு வந்த அத்திரியின் கால் புண்ணாகியிருக்கிறது. நடை தளர்ந்த இந்த விலங்கை ஓட்டிக்கொண்டு இருட்டில் திரும்பிப் போவானேன், எங்கள் ஊரிலேயே தங்கிப் போகலாமே என்கிறாள் தோழி. அத்திரி என்பது கோவேறு கழுதை. சிலப்பதிகாரத்திலும் அது வருகிறது. கடலாடு காதையில் மாதவி வண்டியில் ஏறிக்கொள்ள, கோவலன் அத்திரி மேல் ஏறிப் புகாரின் கடற்கரைக்குப் போகிறான். செல்வ வணிகன் ஒருவன் ஊரார் பார்க்க ஏறிப் போகத்தக்க ஊர்தியாக அன்றைக்குக் கோவேறு கழுதை இருந்திருக்கிறது.

விலங்கைப் பழக்குகிறவர்கள் இந்தச் சங்கக் காட்சியைக் கேட்டால் முதலில் வியப்பது சுறாவை நினைத்து அல்ல. அந்த அத்திரி கழிக்குள் இறங்கியதே என்றுதான் வியப்பார்கள். கலங்கிய நீரில் கால் வைப்பது கோவேறு கழுதைக்கு எளிதில் வராத காரியம். அடியில் தரை எங்கே என்று அதற்குத் தெரியாது. தெரியாத இடத்தில் அது கால் வைக்காது. அப்படிப்பட்ட விலங்கை ஒருவர் நீரில் இறங்கச் செய்திருக்கிறார், இன்னொருவர் ஏறி உட்கார அனுமதிக்கச் செய்திருக்கிறார். அதை எப்படிச் செய்வது என்பது மனிதன் கற்றுக்கொண்ட நுட்பங்களில் மிக அழகான ஒன்று.

அறுபத்து மூன்று

பெண் குதிரைக்கும் ஆண் கழுதைக்கும் பிறப்பது கோவேறு கழுதை. குதிரையின் உயிரணுவில் 64 குரோமோசோம்கள், கழுதையின் உயிரணுவில் 62. தாயிடமிருந்து 32-ம் தந்தையிடமிருந்து 31-ம் சேர, குட்டிக்குக் கிடைப்பது 63. அந்த ஒற்றைப்படை எண்ணால் அன்றாட வாழ்வில் அதற்கு ஒரு குறையும் இல்லை. உடல் வளரும், காயம் ஆறும், முப்பது வயதுவரைகூட உழைக்கும். ஆனால் முட்டையோ விந்தணுவோ உருவாகும்போது குரோமோசோம்கள் இணை இணையாகச் சேர்ந்து பிரிய வேண்டும். குதிரையின் வரிசையும் கழுதையின் வரிசையும் ஒன்றோடொன்று பொருந்தாமல் அந்த வேலை அங்கேயே நின்றுவிடுகிறது. மிக அரிதாகப் பெண் கோவேறு கழுதை குட்டி போட்ட பதிவுகள் உண்டு. மற்றபடி அதற்குச் சந்ததி இல்லை.

பழக்குகிறவருக்கு இதில் பெரிய செய்தி இருக்கிறது. நாயையும் மாட்டையும் குதிரையையும் மனிதன் தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்து வளர்த்திருக்கிறான். சாதுவானவற்றை வைத்துக்கொண்டு, முரடானவற்றை விலக்கி, அடுத்த தலைமுறையை மெல்ல மெல்லத் தன் பக்கம் இழுத்திருக்கிறான். கோவேறு கழுதையிடம் அது நடக்காது. நன்றாகப் பழகிய ஒன்று, தன் குணத்தைக் குட்டிக்குக் கொடுத்துவிட்டுப் போக முடியாது. தாய்க் குதிரையையும் தந்தைக் கழுதையையும் பார்த்துத் தேர்ந்தெடுக்கலாம். அதற்கு மேல் ஒவ்வொரு குட்டியிடமும் பாடத்தை முதலிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

2003-ஆம் ஆண்டு அமெரிக்காவின் ஐடஹோ பல்கலைக்கழக விஞ்ஞானிகள் இந்தச் சுவரைச் சுற்றிக்கொண்டு போனார்கள். பந்தயத்தில் புகழ்பெற்ற ஒரு கோவேறு கழுதையின் உடன்பிறப்பிலிருந்து எடுத்த உயிரணுவைக் கொண்டு ‘ஐடஹோ ஜெம்’ என்ற குட்டியை உருவாக்கினார்கள். குதிரைக் குடும்பத்தில் முதன்முதலாக குளோனிங் முறையில் பிறந்த விலங்கு அதுதான். அதுவும் பின்னாளில் பந்தயத்தில் ஓடியது. ஆனால் மரபணுவைப் படியெடுத்தவர்களாலும் பயிற்சியைப் படியெடுக்க முடியவில்லை. அந்தக் குட்டிக்கும் தலைக்கயிறு போடுவதிலிருந்துதான் எல்லாவற்றையும் கற்றுத்தர வேண்டியிருந்தது.

நிற்பதன் காரணம்

கோவேறு கழுதை என்றதும் பலருக்கும் நினைவுக்கு வருவது பிடிவாதம். எவ்வளவு இழுத்தாலும் அசையாது, அடித்தாலும் நகராது. இந்தக் குணத்தின் வேர் இரண்டு நிலப்பரப்புகளில் இருக்கிறது.

குதிரையின் முன்னோர்கள் பரந்த புல்வெளியில் கூட்டமாக மேய்ந்தவை. அங்கே ஆபத்து என்றால் ஒரே வழி ஓட்டம்; முதலில் ஓடு, பிறகு பார். இந்த அச்சத்தோடுதான் 19-ஆம் நூற்றாண்டில் ஆஸ்திரேலியாவிலிருந்து சென்னைக்குக் கப்பல் கப்பலாகக் குதிரைகள் வந்தன. துறைமுகம் கட்டப்படாத காலம் அது. மசூலாப் படகுகளும் கட்டுமரங்களும் சூழ, அலைகளுக்கு நடுவே அவற்றைக் கரை சேர்க்கும் காட்சியை ஜே. பி. ஈஸ்ட் என்பவர் 1834-இல் ஓவியமாக்கியிருக்கிறார். மாதக்கணக்கில் கப்பலில் நின்று வந்த விலங்கு, இரையும் அலையில் என்ன பாடு பட்டிருக்கும் என்பதை ஊகிக்கலாம்.

கழுதையின் கதை வேறு. அதன் முன்னோர்கள் ஆப்பிரிக்காவின் வறண்ட, கல் நிறைந்த நிலத்தில் வாழ்ந்தவை. புல் குறைவு என்பதால் பெருங்கூட்டம் சேர வழியில்லை. கல்லும் பள்ளமுமான தரையில் கண்மூடி ஓடினால் கால் ஒடியும். அங்கே பிழைத்தவை, நின்று பார்த்துவிட்டு முடிவெடுத்தவைதான்.

கோவேறு கழுதைக்கு உடல்வாகும் வேகமும் தாயிடமிருந்து வருகின்றன, நின்று யோசிக்கும் பழக்கம் தந்தையிடமிருந்து வருகிறது. புரியாத ஒன்றைக் கண்டால் அது நிற்கும். காது இரண்டும் முன்னே திரும்பும், தலை உயரும், மூச்சு ஆழமாகும். அப்போது அது வேலை செய்துகொண்டிருக்கிறது. முன்னால் இருப்பதை எடைபோட்டுக்கொண்டிருக்கிறது. அந்த நேரத்தில் விழும் அடி அதற்கு ஒரே ஒரு பாடத்தைத்தான் கற்றுத்தரும். முன்னால் இருப்பது உண்மையிலேயே ஆபத்தானது, பின்னால் இருக்கும் மனிதனும் ஆபத்தானவன் என்ற பாடம் அது.

இந்த யோசனைக்குப் பின்னால் நல்ல மூளை இருக்கிறது என்பதைச் சோதனைகளும் காட்டுகின்றன. லியான் புரூப்ஸ், ஃபெய்த் பர்டன், பிரிட்டா ஓஸ்தவுஸ் ஆகியோர் 2009-இல் வெளியிட்ட ஆய்வில் குதிரை, கழுதை, கோவேறு கழுதை மூன்றுக்கும் ஒரே தேர்வு வைத்தார்கள். இரண்டு வடிவங்களைக் காட்டி, சரியானதைத் தேர்ந்தால் தீனி. இப்படி அடுத்தடுத்துப் புதிய இணைகள். கற்றுக்கொள்வதில் பெற்றோர் இனங்கள் இரண்டையும் கோவேறு கழுதைகள் முந்தின. சார்லஸ் டார்வின் இதைக் களத்திலேயே கண்டிருந்தார். 1835-இல் ஆண்டிஸ் மலையைப் பத்துக் கோவேறு கழுதைகளோடு கடந்தவர், அறிவிலும் நினைவாற்றலிலும் தசை வலுவிலும் பெற்றோரை மிஞ்சிய இந்தக் கலப்பினத்தைக் கண்டு வியந்து எழுதினார். அந்தக் கூட்டத்துக்கு முன்னால் கழுத்தில் மணி கட்டிய ஒரு பெண் குதிரை நடந்தது. கோவேறு கழுதைகள் அந்த மணியோசையைத் தொடர்ந்து போயின. அவை பிறந்ததும் முதலில் பின்தொடர்ந்து நடப்பது குதிரையான தாயைத்தானே.

சவாரிக்குப் பழக்குவது

பழக்குதல் சேணத்திலிருந்து தொடங்குவதில்லை, தொடுவதிலிருந்து தொடங்குகிறது. இந்த விலங்கின் கண்கள் தலையின் பக்கவாட்டில் இருப்பதால் ஏறக்குறைய சுற்றிலும் பார்க்கும். நேர் பின்னாலும் மூக்குக்கு நேர் முன்னாலும் மட்டும் கொஞ்சம் இடம் மறைந்திருக்கும். அதனால் தோள் பக்கமாக, அது பார்க்கும்படி, பேசிக்கொண்டே அருகில் போவார்கள். முதலில் தோளைத் தடவுவது, பிறகு கழுத்து, முதுகு, வயிறு, கால். கடைசியில்தான் காது. கோவேறு கழுதைக்குக் காது மிகவும் கூச்சமான உறுப்பு. யாராவது ஒருமுறை காதைப் பிடித்து முறுக்கியிருந்தால், அதன் பிறகு தலைக்கயிறு மாட்டுவதே பெரும்பாடாகிவிடும்.

அடுத்தது கயிறு. இங்கேதான் முழுக் கலையும் அடங்கியிருக்கிறது. பழக்குகிறவர் கயிற்றை மெல்ல, ஒரே அளவில் இழுத்துப் பிடிக்கிறார். வெட்டி இழுப்பதில்லை. விலங்கு நிற்கிறது. அவரும் நிற்கிறார். அது தலையைத் தூக்கிப் பார்க்கிறது, பின்னுக்குச் சாய்கிறது. கயிற்றின் இறுக்கம் மாறவில்லை. பிறகு சலிப்பிலோ யோசனையிலோ உடல் எடை கொஞ்சம் முன்னங்காலுக்கு மாறுகிறது. அடி எடுத்து வைக்கவில்லை, தோள் மட்டும் விரல்கடை அளவு முன்னே வந்தது. அந்தக் கணத்திலேயே கயிறு தளர்கிறது.

விலங்கு கற்றுக்கொண்டது அந்தத் தளர்வில்தான். இழுப்பு அதற்குக் கேள்வி, தளர்வுதான் விடை. முன்னே நகர்ந்தால் தொல்லை நீங்குகிறது என்று அதற்குப் புரிகிறது. நடத்தையியலில் இதை எதிர்மறை வலுவூட்டல் என்பார்கள். அதாவது, சரியான செயல் நடந்தவுடன் தொந்தரவை நீக்கி, அந்தச் செயலை வலுப்படுத்துவது. தளர்வு ஓரிரு நொடிக்குள் வந்தாக வேண்டும். தாமதமாக வந்தால், அந்த நொடியில் விலங்கு எதைச் செய்துகொண்டிருந்ததோ அதற்கே பரிசு போய்ச் சேரும். பின்னுக்கு இழுத்துக்கொண்டிருக்கும்போது கை சோர்ந்து கயிறு நழுவினால், பின்னுக்கு இழுப்பதே வழி என்று அது கற்றுக்கொள்ளும். நினைவாற்றல் மிகுந்த இந்த விலங்கு அதை எளிதில் மறக்காது. பிடிவாதக்காரக் கோவேறு கழுதை என்று பெயர் வாங்கிய பலவும், தவறான நேரத்தில் தளர்ந்த கைகளிடம் பாடம் கற்றவை.

பிறகு ஓசைகளும் பொருள்களும். எண்ணூர் நெடுஞ்சாலை ஓரத்தில் ஒரு கோவேறு கழுதையைப் பழக்குவதாக வைத்துக்கொள்வோம். டிரெய்லர் லாரி நிற்கும்போது ஏர்பிரேக் சீறும். தார்ப்பாய் காற்றில் படபடக்கும். காலி கண்டெய்னர் பள்ளத்தில் இறங்கினால் இடி மாதிரிச் சத்தம் வரும். விலங்கை லாரிக்குப் பக்கத்திலேயே கட்டிப்போட்டு, அது துள்ளித் துள்ளி ஓயும்வரை விட்டுவிடுவது ஒரு வழி. அது ஓய்ந்து நிற்கும்தான். ஆனால் அச்சம் போயிருக்காது, தப்பிக்கும் நம்பிக்கைதான் போயிருக்கும். என்றாவது ஒரு நாள், முதுகில் ஆள் இருக்கும்போது, அந்த அச்சம் வெடிக்கும். நல்ல பழக்குநர் வெகு தூரத்தில் தொடங்குவார். காது திரும்பும், ஆனால் கால் நகராது. அந்தத் தொலைவில் நிற்பார். தலை தாழ்ந்து, வாய் அசைபோட்டு, மூச்சு சீரானதும் விலங்கைத் திருப்பி அழைத்துப் போவார். மறுநாள் இன்னும் கொஞ்சம் அருகில். நீரும் அப்படித்தான். முதலில் நனைந்த மண், பிறகு தேங்கிய மழைநீர், பிறகு குளம்பு மூழ்கும் ஆழம். ஏற்கெனவே பழகிய ஒரு விலங்கை முன்னால் நடத்தினால் வேலை பாதியாகக் குறையும். நக்கீரனார் காட்டும் அத்திரி கழிக்குள் இறங்கியதற்குப் பின்னால், பெயர் தெரியாத ஒருவரின் இப்படிப்பட்ட பல நாள் பொறுமை இருந்திருக்க வேண்டும்.

இதற்கெல்லாம் பிறகுதான் சேணம். இங்கே உடலமைப்பைக் கவனிக்க வேண்டும். குதிரைக்குக் கழுத்தும் முதுகும் சேரும் இடத்தில் ஒரு மேடு உண்டு. சேணம் முன்னே சரியாமல் அது தடுக்கும். கோவேறு கழுதைக்கு அந்த மேடு தாழ்வு, முதுகும் நேராக இருக்கும். இறக்கத்தில் நடக்கும்போது சேணம் கழுத்தை நோக்கி வழுக்கி வந்துவிடும். அதனால் வாலுக்கு அடியில் ஒரு வாரையோ, பின்தொடைகளைச் சுற்றி ஒரு வாரையோ கட்டிச் சேணத்தை நிறுத்துவார்கள். வாலுக்கடியில் புதிதாக ஒரு வார் பட்டால் எந்த விலங்குக்கும் கூசும், உதைக்கும். அதனால் அந்த இடத்தை முன்கூட்டியே கையாலும் மென்மையான கயிற்றாலும் தொட்டுத் தொட்டுப் பழக்கியிருக்க வேண்டும். பிறகு வெறும் சேணத்தோடு நடை. பிறகு பின்னாலிருந்து இரண்டு நீளக் கயிறுகளைப் பிடித்து, மேலே யாரும் இல்லாமலே வலம், இடம், நில் என்று கற்றுத்தருவது. ஆள் ஏறும் நாளில் விலங்குக்குப் புதிதாக இருப்பது எடை ஒன்றுதான். மற்ற எல்லாம் அதற்கு முன்பே தெரிந்திருக்கும். அந்த எடையையும் ஒரேயடியாக வைப்பதில்லை. முதலில் முதுகின் குறுக்கே சாய்ந்து இறங்குவார்கள், அதன் பிறகே கால் போட்டு உட்காருவார்கள்.

வயதும் முக்கியம். காலெலும்புகள் முன்னதாகவே முதிர்ந்தாலும், முதுகெலும்பின் வளர்ச்சித் தட்டுகள் மூடிக்கொள்ள ஐந்தாறு ஆண்டுகள் ஆகும். இரண்டு வயதில் பெரிய விலங்காகத் தெரியும். முதுகு இன்னும் குழந்தையின் முதுகுதான். நான்கைந்து வயதுவரை காத்திருந்து ஏறுகிறவருக்கு அது இருபது ஆண்டு உழைக்கும்.

சாலை முடியும் இடத்தில்

1955-இல் திருவொற்றியூரில் என்பீல்டு ஆலை கட்டத் தொடங்கியதற்குக் காரணம், எல்லைக் காவலுக்கு நம் படைகளுக்குத் தேவைப்பட்ட புல்லட் மோட்டார் சைக்கிள்கள். அதே வட்டாரத்தில் எண்ணூரில் அசோக் லேலண்ட் லாரிகள் உருவாயின. இவை வந்த பிறகும் ராணுவம் கோவேறு கழுதைகளைக் கைவிடவில்லை. சாலை முடியும் இடத்தில் அவற்றின் வேலை தொடங்கியது. புல்லட்டை எந்தக் கை முறுக்கினாலும் அது ஓடும். கோவேறு கழுதை தன்னைப் பழக்கிய கையை நினைவில் வைத்துக்கொண்டு நடக்கும்.

அந்த நினைவுக்குச் சான்று பெடோங்கி. 1962-இல் இந்திய ராணுவத்தில் சேர்ந்த இந்தப் பெண் கோவேறு கழுதை 1971 போரில் பாகிஸ்தான் படையிடம் சிக்கியது. அங்கே அதன் முதுகில் இயந்திரத் துப்பாக்கியை ஏற்றினார்கள். அந்தப் பொதியோடே தப்பி, இருபது கிலோமீட்டருக்கு மேல் நடந்து, இந்திய நிலைக்குத் திரும்பி வந்தது. மிக நீண்ட காலம் பணியாற்றிய ராணுவக் கோவேறு கழுதையாகக் கின்னஸில் இடம்பெற்று, 1998-இல் இறந்தது. அதை யாரும் அழைத்து வரவில்லை. வழியை அதுவே முடிவு செய்தது.

இன்று தமிழர்கள் பலர் முதன்முதலாகக் கோவேறு கழுதை மீது ஏறுவது கேதார்நாத் பாதையில்தான். கௌரிகுண்டத்திலிருந்து 3,500 மீட்டர் உயரத்துக்கு மேல் போகும் அந்த ஏற்றத்தில் யாத்திரைக் காலம் முழுவதும் அவை ஏறி இறங்குகின்றன. 2025 மே மாதம் அவற்றிடையே இன்ஃபுளுவென்சா காய்ச்சல் பரவியதால் போக்குவரத்தையே தற்காலிகமாக நிறுத்த வேண்டியதாயிற்று. நம் நாட்டில் பொதி விலங்குகளுக்கென்று 1965-ஆம் ஆண்டு விதிகள் இருக்கின்றன. நாளுக்கு ஒன்பது மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக்கூடாது, ஐந்து மணி நேரத்துக்கு மேல் தொடர்ந்து ஓய்வில்லாமல் நடத்தக்கூடாது, வெப்பம் 37 டிகிரியைத் தாண்டும் இடங்களில் நண்பகல் 12 முதல் 3 மணிவரை வேலையில் ஈடுபடுத்தக்கூடாது. இவை இரக்கத்துக்காக மட்டும் எழுதப்பட்டவை அல்ல. களைத்த விலங்கால் எடைபோட்டு அடி வைக்க முடியாது. மலைவிளிம்பில் அதன் அடிதான் நம் உயிர். ஏறும் முன் சேணத்துக்கடியில் புண் இருக்கிறதா என்று பாருங்கள். செங்குத்தான இறக்கத்தில் இறங்கி நடங்கள். நடுவழியில் அது நின்றால் ஓட்டுநரிடம் அடிக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டு, அது பார்த்து முடிக்கும்வரை பொறுங்கள்.

இந்த விலங்குகளின் இடத்துக்கு இப்போது இயந்திரங்கள் வருகின்றன. 2025 ஜனவரி 15 அன்று புனேயில் நடந்த ராணுவ நாள் அணிவகுப்பில் நான்கு கால் ரோபோக்கள் நடந்தன. அவற்றுக்கும் கோவேறு கழுதையின் ஆங்கிலப் பெயரான மியூல் என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். பனிமலையில் சுமை தூக்கும் துன்பத்திலிருந்து ஓர் உயிர் விடுபடுவது நல்லதுதான். ஆனால் அதோடு இன்னொன்றும் போய்விடக்கூடும். சந்ததி இல்லாத விலங்கு தான் கற்றதைத் தன்னோடே கொண்டுபோகிறது. அதைக் கற்பித்த அறிவு மனிதரிடம் மட்டுமே தங்குகிறது. எந்த இறுக்கத்தில் பிடிப்பது, எந்த அசைவுக்குத் தளர்த்துவது என்ற அந்த அறிவு பெரும்பாலும் ஏட்டில் ஏறாதது. மலையடிவாரத்துப் பொதிக்காரர்களும் ராணுவப் பழக்குநர்களும் கைவழியாகக் கற்று, கைவழியாகவே கொடுத்து வருவது.

எண்ணூருக்கு அருகிலேயே, மாதவரத்தில், தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் இருக்கிறது. 1903-இல் தொடங்கிய கால்நடை மருத்துவக் கல்லூரி வேப்பேரியில் இருக்கிறது. ஹிசாரில் குதிரையினங்களுக்கென்றே தேசிய ஆய்வு மையம் இருக்கிறது. நோயைப் பதிவு செய்வதுபோல இந்தக் கைத்திறனையும் படமெடுத்து, அளந்து, எழுதிவைக்கும் ஆற்றல் இவற்றுக்கு உண்டு. ஒரு விலங்கு பயமின்றி நம்மோடு நடக்க என்ன செய்ய வேண்டும் என்ற அறிவு கோவேறு கழுதையோடு நிற்பதில்லை. மெரினாவில் சவாரி போகும் குதிரைக்கும், மிரண்டு வரும் தெருநாய்க்கும், கோயில் யானைக்கும் அது உதவும். அந்தப் பழக்குநர்கள் இருக்கும்போதே அவர்களிடம் கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும்.